பலூன் கடை ஏர்கன்: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்க்க வேண்டும்

மதுரை தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சிக்குக் கொட்டகை போடத் தொடங்கினால் எங்கள் பட்டறைக்கு வேலை வந்துவிடும். பலூன் சுடும் கடைக்காரர்கள் நாலைந்து ஏர்கன்களைக் கோணிச் சாக்கில் சுற்றி எடுத்து வருவார்கள். "அண்ணே, போன வருசம் நல்லாத்தான் அடிச்சுச்சு, இப்ப பலூன் வரைக்குமே போக மாட்டேங்குது" என்பதுதான் பாதிப் பேர் சொல்வது. திருவிழா இல்லாத மாதங்களில் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கமிருந்து வேறு விதமான ஆட்கள் வருவார்கள். தாத்தா வாங்கி வைத்த டயானா, பி.எஸ்.ஏ. என்ற வெளிநாட்டுக் கம்பெனி ஏர்கன் ஒன்றைப் பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து, "ஓட வச்சுக் குடுங்க, விக்க மாட்டோம்" என்பார்கள்.

இரண்டு தரப்பும் பெரும்பாலும் ஒரே தவறோடுதான் வருகிறார்கள். வலு குறைந்ததும் புது ஸ்பிரிங் வாங்கி மாட்டியிருப்பார்கள். நான் பார்த்த பழைய மடக்கு ஏர்கன்களில் ஸ்பிரிங் கெட்டிருந்தவை குறைவு. காய்ந்துபோன ஒரு துண்டுத் தோல்தான் காரணமாக இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாமல் பாருங்கள். குழலை மடக்கி இழுக்கும் ஸ்பிரிங் வகைக்கு மட்டுமே இது பொருந்தும். அதில் குழலை மடக்கினால் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்னால் போய்க் கொக்கியில் மாட்டி நிற்கும். ட்ரிக்கரை அமுக்கினால் முன்னால் பாய்ந்து காற்றால் ரவையைத் தள்ளும்.

கை வைப்பதற்கு முன்

குழலை மடக்கி ரவை (ஈயக் குண்டு) போடும்போது ஒரு கை குழலை இறுக்கிப் பிடித்தே இருக்க வேண்டும். ட்ரிக்கர் பிடி நழுவினால் மடங்கிய குழல் ஒரு நொடியில் மேலே அடிக்கும். இடையில் இருக்கும் விரல் எலும்போடு போய்விடும். பலூன் கடையில் வேலை பார்க்கும் பையன்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறேன்.

ரவை போடாமல் சுடக் கூடாது. ரவை இருந்தால்தான் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தை மாதிரி நின்று அடியைத் தாங்கும். வெறுமனே விட்டால் பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் மோதும். கூட்டம் இல்லாத நேரத்தில் பொழுது போகாமல் 'டக் டக்' என்று வெறும் துப்பாக்கியை அடித்துக்கொண்டிருந்த ஒரு கடையில், ஒரே பருவத்தில் மூன்று பிஸ்டன் தோல் கிழிந்து வந்தது.

சோதனைக்கு நிரப்பிய மணல் மூட்டை ஒன்றைச் சுவரோரம் வையுங்கள். தென்னை மரத்திலும், மரத்தில் உட்கார்ந்திருக்கும் மைனாவிலும் குறி பார்க்க வேண்டாம். அழகர்மலை அடிவாரத்து ஊர்களில் மயில் வாசலுக்கே வரும். அதைச் சுட்டால் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தில் கடுமையான குற்றம்.

அறிகுறி 1: ரவை வலுவில்லாமல் போகிறது

*முதலில் ரவையைப் பாருங்கள்.* ரவையின் பின்பக்கப் பாவாடை நசுங்கியிருந்தால் காற்று பக்கவாட்டில் ஓடிவிடும். டப்பாவைக் கீழே போட்டு அள்ளிய ரவைகளில் பாதி அப்படித்தான் இருக்கும். நல்ல ரவை பத்தைப் பொறுக்கிப் போட்டுச் சுடுங்கள். வலு வந்துவிட்டால் துப்பாக்கியை மூடி வைக்கலாம். சைக்கிள் பால்ரஸ் போட்டுச் சுடுபவர்கள் இருக்கிறார்கள். ஈயம் குழலின் உள்வரிக்கு (உள்ளே வெட்டியிருக்கும் கோடுகளுக்கு) வளைந்து கொடுக்கும், எஃகு கொடுக்காது. வரிகள் தேய்ந்த குழலை எந்தப் பட்டறையாலும் பழையபடி ஆக்க முடியாது.

*அடுத்தது, மடக்கும் இடத்துக் கசிவு.* குழல் சிலிண்டரோடு சேரும் வாயில் வட்டமாக ஒரு வாஷர் இருக்கும். பழைய வகைகளில் தோல், பிந்தியவற்றில் ரப்பர் அல்லது பிளாஸ்டிக். ரவை போட்டு மூடியபின் அந்த இணைப்பின் மேல் மெல்லிய டிஷ்யூத் துண்டு ஒன்றைப் படிய வைத்து, மணல் மூட்டையில் சுடுங்கள். துண்டு பறந்தாலோ கிழிந்தாலோ கசிவு அங்கேதான். வாஷர் சுற்றுப்பரப்பைவிடத் தையல் நூலின் கனம் அளவுக்குத் துருத்தி நிற்க வேண்டும். அமுங்கிப் போயிருந்தால் ஊசியால் நெம்பி எடுத்து, அடியில் அதே அளவு வட்டமாக வெட்டிய காகிதம் ஒன்றிரண்டு வைத்து மறுபடி உட்கார வையுங்கள். பொருட்காட்சி நடுவில் கடையிலேயே நின்று செய்யக்கூடிய வேலை இது. தோல் நொறுங்கியிருந்தால் செருப்பு தைப்பவரிடம் போங்கள். அடித்தோலில் ஒரு துண்டு வெட்டித் தருவார்.

*மூன்றாவது, பிஸ்டன் தோல்.* பாதிக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் இந்த இடத்தில்தான் சரியாகின்றன. பிஸ்டன் முனையில் கிண்ணம் போல ஒரு தோல் இருக்கும். சைக்கிள் பம்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். வேலையும் அதேதான். மதுரை வெயிலில் ஒரு வருடம் எண்ணெய் காட்டாமல் தகரக் கொட்டகைக்குள் கிடந்தால் அது காய்ந்து சுருங்கி, சிலிண்டர் சுவரைத் தொடாமல் நிற்கும். சுடும்போது கட்டையான சத்தத்துக்குப் பதில் இரும்போடு இரும்பு மோதும் 'ணங்' கேட்டால் பெரும்பாலும் இதுதான்.

ஸ்பிரிங்கை இழுக்காமல் குழலை மட்டும் லேசாக மடக்கித் திறந்து, சிலிண்டர் முகப்பில் இருக்கும் சிறு காற்றுத் துளையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்பாகத் தெரிந்தால் தோல். கறுப்பாகவோ நீலமாகவோ பளபளத்தால் பிளாஸ்டிக். தோல் என்றால் அந்தத் துளை மேலே பார்க்கும்படி துப்பாக்கியை அதன் பின்பக்க மரக் கட்டையை ஊன்றி நிறுத்தி, மோட்டார் சைக்கிள் இன்ஜின் ஆயில் இரண்டு மூன்று சொட்டு விட்டு ஓர் இரவு அப்படியே வையுங்கள். காலையில் பத்துப் பதினைந்து ரவை சுட்டபின் பாருங்கள். முதல் சில அடிக்கு மெல்லிய புகை வரும், பிறகு அடங்கும். பிளாஸ்டிக் என்றால் எண்ணெய் விடவே கூடாது. ஏன் என்பது அடுத்த அறிகுறியில் இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவருகிறவர்கள் நிறைய. மார்கழிக் குளிரில் அது உறையும், நாள்பட்டால் பிசினாகி உள்ளே ஒட்டும். தையல் மெஷின் எண்ணெய் கீலுக்கு நல்லது, தோலுக்கு மெல்லிசு.

எண்ணெய்க்குப் பிறகும் வலு திரும்பாவிட்டால் தோலை மாற்ற வேண்டும். அதற்கு ஸ்பிரிங்கை வெளியே எடுத்தாக வேண்டும். ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தோடுதான் உட்கார்ந்திருக்கும், துப்பாக்கியை மடக்கி இழுக்காதபோதும். பின்மூடியைச் சாதாரணமாகக் கழற்றினால் அது நெற்றிக்கு நேரே வரும். நீளமான தச்சுக் கிளாம்பில் சிலிண்டரைப் பிடித்து, மெல்ல மெல்ல விட்டுக் கழற்றத் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

*நான்காவது, ஸ்பிரிங்.* எப்படியும் கழற்றிவிட்டதால் இப்போது பார்க்கலாம். கண்ணாடி மேல் உருட்டுங்கள். நேராக உருண்டால் நல்லது, எம்பி எம்பி உருண்டால் வளைந்திருக்கிறது. மடக்கி இழுத்த நிலையிலேயே இரவு முழுவதும் வைத்திருந்த துப்பாக்கிகளில்தான் ஸ்பிரிங் குறுகும். மாற்றினால் அதே நீளம், அதே கம்பி கனம், அதே சுற்று எண்ணிக்கை. "கொஞ்சம் பவரா போடுங்கண்ணே" என்பவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பதில்லை. பழைய ட்ரிக்கர் அதைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி துளை 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, ரவை வெளிவரும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ ஏர்கன்னுக்கும் உரிமம் வேண்டும்.

*கடைசியாக, சிலிண்டரின் உள்சுவர்.* நகத்தில் தட்டுப்படும் நீளக் கீறல் இருந்தால் எந்தத் தோல் போட்டாலும் காற்று நிற்காது. உள்ளே மெருகு போடத் தெரிந்த லேத் பட்டறை வேண்டும். செலவு துப்பாக்கியின் விலையை நெருங்கும். பலூன் கடைக்காரருக்கு அது கட்டாது. தாத்தா துப்பாக்கி என்றால் செய்யுங்கள்.

அறிகுறி 2: குழலில் புகையும் பட்டாசுச் சத்தமும்

வலு கூடிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். உள்ளே எண்ணெய் அதிகமாகி, பிஸ்டன் அமுக்கும் காற்றின் சூட்டில் பற்றிக்கொள்கிறது. டீசல் இன்ஜினில் நடப்பதுதான் இங்கே நடக்கிறது. தோல் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், பிளாஸ்டிக் உறிஞ்சாது; அதனால்தான் பிளாஸ்டிக்குக்கு எண்ணெய் வேண்டாம் என்றேன். தொடர்ந்து சுட்டால் வாஷர் கருகும், ஸ்பிரிங் உடையும்.

குழலை ஒரு துணியால் துடைத்து உலர்த்துங்கள். துப்பாக்கியைக் குழல் கீழே தொங்கும்படி ஒரு நாள் நிறுத்தினால் மிச்ச எண்ணெய் வடியும். பிறகு மணல் மூட்டையில் இருபது ரவை. அடங்கிவிடும். அடங்காவிட்டால் யாரோ துளை வழியாகத் துரு நீக்கும் ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். அது ஸ்பிரிங்கின் கிரீஸையும் கரைத்து முன்னால் கொண்டுவந்திருக்கும். கழற்றிக் கழுவித்தான் ஆக வேண்டும்.

அறிகுறி 3: மடக்கி இழுத்தால் நிற்கவில்லை, அல்லது நின்றது தானாக விடுகிறது

இதற்கு மட்டும் ஒரு விதி: கூட்டத்துக்கு முன்னால் அந்தத் துப்பாக்கியை எடுக்கக் கூடாது. மற்றக் கோளாறுகளில் பலூன்தான் தப்பும், இதில் ஆள் அடிபடும். கடை நிறைந்திருக்கும்போது "ஒருதரம் பாத்துட்டுத் தரேன்" என்று திரும்பவும் கூட்டத்தில் கொடுத்தவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

*நிற்கவே இல்லை என்றால்*, முதலில் ட்ரிக்கர் பக்கத்தில் இருக்கும் சிறு திருகு. இலகுவாக அமுங்க வேண்டும் என்று யாராவது முறுக்கியிருப்பார்கள். இப்போது இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, அரைச் சுற்று அரைச் சுற்றாகப் பின்னால் திருப்பிப் பாருங்கள். அடுத்து, பழைய கிரீஸ். பரணில் இருபது வருடம் கிடந்ததில் அது மெழுகாகிவிடும், கொக்கி கீழே விழாது. கட்டையை மட்டும் கழற்றி, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் ட்ரிக்கர் பகுதியைக் கழுவினால் போதும்.

சமீபத்தில் ஸ்பிரிங் மாற்றியிருக்கிறீர்களா? அப்படியானால் அதுதான். புது ஸ்பிரிங் நீளமாக இருந்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். பிஸ்டன் கொக்கி வரை வரவே வராது. கை பலத்தால் இன்னும் இழுத்தால் குழலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே இருக்கும் இழுவைக் கம்பி வளையும். அது முன்னமே வளைந்திருந்தாலும், அதைக் கோத்திருக்கும் ஆணி தேய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும்.

*நின்றபின் தானாக விடுகிறது என்றால்*, ரவை போட்டு, குழலை நன்றாக மூடி, முனையை மணல் மூட்டைக்கு நேரே வைத்து, கட்டையின் அடியை மடித்த சாக்கின் மேல் லேசாகத் தட்டுங்கள். விட்டுவிட்டால் சோதனை முடிந்தது. திருகைத் திருப்பியும் மாறாவிட்டால் கொக்கியின் விளிம்பு தேய்ந்திருக்கிறது. அரம் போட்டுக் கூராக்கினேன் என்று கொண்டுவருகிறார்கள். அந்த விளிம்பின் மேல்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்ட எஃகு. அரம் போட்டால் அது போய்விடும், அடியில் இருக்கும் மென்மையான இரும்பு ஒரு வாரத்தில் தேயும். இது தெரிந்தவர் வேலை.

டயானா 27, 35 இரண்டிலும் கொக்கிக்குப் பதில் மூன்று பால்ரஸ் குண்டுகள் பிஸ்டன் தண்டைச் சுற்றிப் பிடிக்கின்றன. இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு மென்மையாக விடும் ட்ரிக்கரை யோசித்தவர்களின் கையை நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். கழற்றும்போது அந்தக் குண்டுகள் தரையில் உருண்டு ஓடிவிடும். வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துப் போட்டுத்தான் கழற்றுவேன். இரண்டு குண்டோடு பூட்டப்பட்ட ஒன்று ஒருமுறை வந்தது. நிற்கிற மாதிரி நிற்கும், திடீரென்று விடும்.

*இழுத்து நின்றுவிட்டது, ட்ரிக்கர் அமுக்கினால் விடவில்லை என்றால்* எதையும் கழற்ற வேண்டாம். முனையை மணலுக்கு நேரே வைத்தபடி தனியே வைத்துவிட்டுத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 4: குறி ஓரிடத்தில் நிற்பதில்லை

பலூன் கடைத் துப்பாக்கிகளைக் கடைக்காரர்கள் வேண்டுமென்றே கோணலாக்கி வைக்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் திறந்து பார்த்தவற்றில் தளர்ந்த ஸ்குரூவும் அடைந்த ஈயமும்தான் இருந்தன.

கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் முன்பக்கம் இருபுறமும், ட்ரிக்கர் வளையத்திலும் இருக்கும். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னும் உதறுவதால் அவை தானாகவே தளரும். பொருட்காட்சியில் தினமும் மாலை கடை திறக்குமுன் ஒரு திருப்பு. பிறகு குழலைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கீலின் போல்ட்டை இறுக்க வேண்டும்: மடக்கிய குழலைப் பாதியில் விட்டால் தன் பாரத்தில் மெல்ல இறங்கும் அளவுக்கு.

அப்படியும் சிதறினால் குழலுக்குள் ஈயம். தூண்டில் நரம்பில் துணித்துண்டு கட்டி, மண்ணெண்ணெய் நனைத்து, பின்பக்கத்திலிருந்து முனைக்கு இழுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை. இரும்புக் கம்பியை முனைவழியாகக் குத்த வேண்டாம், முனையின் விளிம்புதான் ரவைக்குக் கடைசியாக வழி சொல்வது. அந்த விளிம்பில் பஞ்சைச் சுற்றிப் பாருங்கள். இழை மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. லேத்தில் முனையை மறுபடி சீவ வேண்டும்.

இன்னொன்று, பிடிக்கும் முறை. பலூன் கடையில் முன்னால் ஒரு பலகை இருக்கும், எல்லாரும் துப்பாக்கியை அதில் அழுத்தி ஊன்றிச் சுடுவார்கள். ஸ்பிரிங் துப்பாக்கி கெட்டியான பொருளில் பட்டால் துள்ளும். பலகைமேல் உள்ளங்கையை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சும்மா கிடத்துங்கள். இதைச் சொல்லிக் கொடுத்த ஒரு கடையில் ஜனங்கள் அதிகம் ஜெயித்தார்கள், கூட்டமும் அதிகமானது.

*சிதறாமல் எப்போதும் மேலேயே போகிறது என்றால்* விஷயம் வேறு. குழல் மடங்கியிருக்கும்போது யாரோ ட்ரிக்கரை அமுக்கியிருக்கிறார்கள். மேலே அடித்த வேகத்தில் குழல் மேல்நோக்கி வளைந்துவிட்டது. பின்குறியை (பின்னால் இருக்கும் குறிபார்க்கும் தகட்டை) அடிவரை இறக்கியும் சரிவராது. கட்டையும் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் சேர்ந்தே வரும். குழலை முழங்காலில் வைத்து நிமிர்த்த வேண்டாம். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அறிகுறி 5: ரவை உள்ளே சிக்கிவிட்டது

பின்னால் இன்னொரு ரவை போட்டுத் தள்ளக் கூடாது. ஸ்பிரிங் விட்ட நிலையில் குழலை மடக்கி, பித்தளைக் கம்பியோ மரக் குச்சியோ விட்டுப் பின்பக்கமாகத் தட்டுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் உதவும். ஏன் சிக்கியது என்பதற்கு அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

கொண்டுவந்தது ஏர்கன் இல்லை என்றால்

வருடத்துக்கு ஒருமுறையாவது யாராவது வேட்டி மடிப்பிலிருந்து தாத்தாவின் பழைய ரிவால்வரை எடுத்து வைப்பார்கள். அழகாகத்தான் இருக்கும். நான் தொடுவதில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அதைப் பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும். உரிமம் உள்ள ஆயுதக் கடைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் யார் பேரிலும் உரிமம் இல்லாமல் பெட்டியில் கிடந்து கிடைத்தது என்றால், காலம் கடத்தாமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படையுங்கள். ஒரு வக்கீலையும் கூட்டிப்போனால் நல்லது.

அறிகுறி 6: துரு, கட்டையில் விரிசல்

சித்திரையில் நூறு பேர் வியர்வைக் கை பட்டு, ஐப்பசி மழையில் ஈரச் சாக்குக்குள் கிடந்தால் கார்த்திகைக்குள் குழல் செம்மண் நிறமாகும். மிக மெல்லிய ஸ்டீல் வூலில் எண்ணெய் தொட்டு, அழுத்தாமல் தேயுங்கள். துரு மட்டும் உரிந்து, அடியில் இருக்கும் கருநீல நிறம் நிற்கும். உப்புத்தாள் போட்டால் நிறமும் போகும். கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொண்டுவருபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. சாக்குக்குப் பதில் உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

கட்டையின் விரிசலை வெயிலில் ஒருநாள் காய வைத்து, அரால்டைட் உள்ளே இறங்கும்படி விட்டு, சைக்கிள் டியூப்பால் இறுகச் சுற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக. கைப்பிடியில் பல வருடம் பட்ட கையின் கருமை இருந்தால் அதைச் சுரண்ட வேண்டாம்.

டயானா என்றால் தேய்க்குமுன் சிலிண்டரின் பின்கோடியில் இடப்பக்கம் பாருங்கள். மாதமும் வருடமும் பொடி எண்களில் அடித்திருக்கும். உசிலம்பட்டியிலிருந்து வந்த பெரியவர் ஒருவரின் துப்பாக்கியில் துருவை எடுத்ததும் '63' தெரிந்தது. "எங்கப்பா கல்யாணம் முடிஞ்ச வருசம்யா அது" என்றார். அந்த இடத்தில் ஸ்டீல் வூல் போடாமல், எண்ணெய் தொட்ட விரலால் மட்டும் துடைத்துக் கொடுத்தேன்.